ஒரே பூஞ்சை, இரண்டு நிறம்: தேமல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் வந்தவருக்கு வயது 23. விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரகடம் பகுதியில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய அம்மாவும் கூட வந்திருந்தார். மகன் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "குஷ்டமா டாக்டரம்மா? அதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்."

பதினொரு நாள் கழித்து இரண்டாமவர் வந்தார். வயது 41, வட ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர். அதே தொழிற்சாலையில் இயந்திரங்களை நிறுவுவதற்காக வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவருக்குப் பயம் எதுவும் இல்லை, ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இது இங்கே உள்ளவர்களின் தோலுக்கு வருகிற நோய் என்று தொழிற்சாலையில் சொல்கிறார்களே, எனக்கு எப்படி வந்தது?

இருவருக்கும் வந்தது ஒரே நோய், தேமல். இளைஞருக்கு அது வெளுப்பாகத் தெரிந்தது, பொறியாளருக்குப் பழுப்பாகத் தெரிந்தது. இருவரின் சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன். தோல் நிறத்துக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்களுக்குப் பல வருடங்களாகப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் பாடம் இரண்டு உடல்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றது இந்த ஒரு முறைதான்.

இளைஞரின் உடலில் பார்த்தவை

கழுத்தின் இருபுறமும், மார்பிலும், முதுகின் மேல்பாதியிலும், மேற்கைகளிலும் வெளிறிய திட்டுகள். சில மிளகு அளவு, சில ஒரு ரூபாய் நாணய அளவு. தோள்பட்டையில் பல திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வரைபடத்தில் தீவுகள் போல ஓரம் வளைந்து கிடந்தன. அரிப்பு பெரிதாக இல்லை. வியர்க்கும்போது மட்டும் சுருக்கென்று குத்தும் என்றார். ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது, ஏப்ரலில் முதல் திட்டைப் பார்த்தாராம்.

அவர் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் காற்று நகராது. பனியன், அதன் மேல் சீருடை, அதன் மேல் பாலியெஸ்டர் பாதுகாப்புச் சட்டை என்று எட்டு மணி நேரத்துக்கும் மேலாக அணிந்திருக்க வேண்டும். அறையில் ஆறு பேர். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். ஷிப்டு முடிந்து வந்தால் பல நாள் குளிக்காமலே படுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தலைக்கும் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வது வீட்டுப் பழக்கம், அதை அங்கேயும் விடவில்லை. தண்ணீர் குறைவு என்பதால் எண்ணெயைச் சரியாகக் கழுவவும் முடிவதில்லை.

கேன்டீனில் ஒருவர் அவர் கழுத்தைப் பார்த்துவிட்டு வரிசையை விட்டு விலகி நின்றிருக்கிறார். மறுநாள் மேற்பார்வையாளர், மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். ஐந்து வாரமாக வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். அம்மா இதைச் சொன்னபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்து வாரமும் அவர் ஒரு மருந்தும் தடவியிருந்தார். மருந்துக் கடையில் திட்டைக் காட்டிக் கேட்டு வாங்கிய டியூப். வாங்கிப் பார்த்தேன். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் ஒரே களிம்பில். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே விதி திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் இன்றும் என்னிடம் வரும் பூஞ்சை நோயாளிகளில் பலர் இப்படி ஒரு டியூபை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைத் தணிக்கிறது, அரிப்பு அடங்குகிறது, பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. இவருக்கும் அப்படித்தான் மார்பில் இருந்தது கைக்கு இறங்கியிருந்தது.

பரிசோதனை

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். கருமையான தோலில் வெளிறிய திட்டு என்றால் நம் ஊரில் எவர் மனதிலும் முதலில் எழுவது தொழுநோய் பற்றிய பயம்தான். செங்கல்பட்டிலும் காட்பாடி அருகே கரிகிரியிலும் தொழுநோய்க்கென்றே பெரிய நிலையங்கள் இயங்கிய மாநிலம் இது. பள்ளிப் பிள்ளைகளின் சட்டையைக் கழற்றித் திட்டு இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்த காலம் அந்த அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும்.

பஞ்சை நூலாகத் திரித்து, மகனைக் கண்ணை மூடச் சொல்லி, திட்டின் நடுவில் தொட்டேன். தொட்ட இடத்தை விரலால் காட்டினார். பத்து இடத்தில் தொட்டேன், பத்தையும் தவறாமல் காட்டினார். முழங்கை நரம்பு தடிக்கவில்லை. தொழுநோயின் திட்டில் உணர்ச்சி மங்கியிருக்கும், வியர்வை குறைந்திருக்கும், நுண்செதில் உதிராது. இவருடைய திட்டை நகத்தால் லேசாகக் கீறியதும் அரிசி மாவு போல வெள்ளையாக உதிர்ந்தது. "அம்மா, இது குஷ்டம் இல்லை, தேமல்" என்றேன். அந்த அம்மா எழுந்து வந்து மகனின் முதுகை, அந்தத் திட்டுகளின் மேலேயே, உள்ளங்கையால் தடவிவிட்டார். நான்கு மாதமாக அவர் அதைத் தொடவில்லை என்று பிறகு மகன் சொன்னார்.

வெண்புள்ளி நோயும் இல்லை. அந்த நோயில் நிறமி அறவே போய்ச் சுண்ணாம்பு பூசியது போலப் பளிச்சென்று தெரியும். தேமலில் நிறம் மங்குமே தவிர மறைந்துவிடாது.

விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா ஒளி வீசும் வுட்ஸ் விளக்கைப் பிடித்தபோது அவருடைய முதுகில் திட்டுகள் மஞ்சள் கலந்த பொன்னிறத்தில் ஒளிர்ந்தன. எல்லாருக்கும் இப்படி ஒளிராது, இவருக்கு ஒளிர்ந்தது. சங்கப் பாடல்களில் வரும் சுணங்கு என்ற சொல்லுக்கு உரைகளில் தேமல் என்று பொருள் எழுதுவார்கள். அதைப் பொன்னுக்கும் வேங்கைப் பூவுக்கும் ஒப்பிட்டு, இளமையின் அழகாகவே புலவர்கள் பாடினார்கள். இன்றைக்கும் கிராமத்தில் அழகுத் தேமல் என்ற சொல் உண்டு. சுணங்கும் இந்தப் பூஞ்சையும் ஒன்றுதான் என்று நான் சாதிக்க வரவில்லை. அழகு என்று சொல்லத் தெரிந்த ஊரில் அந்தப் பையன் தட்டோடு மரத்தடிக்குப் போக நேர்ந்ததே என்பதுதான் என் வருத்தம்.

உதிர்ந்த செதிலை ஒட்டும் டேப்பில் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். குட்டையான இழைகளும், கொத்துக் கொத்தாக உருண்டைகளும். சேமியாவும் ஜவ்வரிசியும் சேர்ந்த பாயசம் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன், ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மகனையும் ஒரு கண்ணால் பார்க்கச் சொன்னேன். "இவ்வளவுதானா?" என்றார்.

இந்தப் பூஞ்சை யார்

தேமலை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் மலசீசியா. இது ஈஸ்ட் வகை, அதாவது ஒற்றைச் செல் பூஞ்சை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலாளர் லூயி சார்ல் மலசே பெயரால் அழைக்கப்படுகிறது. இதை வெளியிலிருந்து வந்து தாக்கும் கிருமியாக நினைக்கக் கூடாது. பிறந்த சில வாரங்களிலேயே நம் தோலில் குடியேறி, சாகும்வரை கூடவே இருக்கிறது. கறுப்போ வெள்ளையோ, வயது வந்த ஏறக்குறைய எல்லா மனிதர்களின் தலையிலும் மார்பிலும் முதுகிலும் இருக்கிறது.

2007இல் மலசீசியா குளோபோசா என்ற இனத்தின் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்தபோது ஒரு விஷயம் உறுதியானது. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணு இதற்கு இல்லை. ஆகவே நம் தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசையை உடைத்துத் தின்றுதான் வாழ முடியும். ஆய்வுக்கூடத்தில் இதை வளர்க்கக் கூட ஊட்டத்தின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்தெழும் வயதில், அதாவது பதின்பருவத்திலிருந்து முப்பதுகள் வரை, தேமல் அதிகமாக வருவது இதனால்தான். சின்னக் குழந்தையின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டு பெரும்பாலும் வேறு, வறண்ட தோலால் வருவது. வயிற்றில் பூச்சி என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்பதால் அது போகாது.

உருண்டை வடிவில் அமைதியாகக் கிடக்கும் ஈஸ்ட், வெப்பமும் ஈரமும் எண்ணெயும் கூடி, காற்றுப் படாமல் மூடிக்கிடந்தால் இழை விடத் தொடங்குகிறது. தோலை மூடிக்கட்டி வைத்து இதைச் சோதனையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். தகட்டில் நான் பார்த்த சேமியா இழைகள் அந்த மாற்றத்தின் அடையாளம்.

ஜெர்மன் பொறியாளர்

இவரிடம் அதிக நேரம் தேவைப்படவில்லை. முதுகிலும் விலாவிலும் பாலில்லாத தேநீர்க் கறை போலப் பழுப்புத் திட்டுகள், சில இடத்தில் லேசான செம்மை. நகத்தால் கீறினால் அதே மாவு. விளக்கில் மங்கலான மஞ்சள். தகட்டில் அதே பாயசம்.

அவரும் அதே கொட்டகையில் அதே பாதுகாப்புச் சட்டையோடு வேலை செய்பவர். அறையில் ஏசி உண்டு, தண்ணீர் உண்டு, இரண்டு வேளையும் குளிக்கிறார். ஆனால் வெயிலுக்கு அஞ்சி, கெட்டியான, எண்ணெய்ப்பசையுள்ள ஒரு களிம்பை உடம்பெல்லாம் தடவிக்கொண்டு அதன் மேல் சீருடை அணிந்திருந்தார். மலசீசியாவுக்கு அது தேங்காய் எண்ணெய்க்குக் குறைந்த விருந்து இல்லை.

அவருடைய முந்தைய புகைப்படம் ஒன்றைக் கைபேசியில் காட்டினார். இத்தாலியில் ஒரு கோடை விடுமுறை, பத்து வருடத்துக்கு முன்னால். சட்டை இல்லாத முதுகில், வெயில் பட்டுச் செம்பழுப்பான தோலுக்கு நடுவே வெளிறிய புள்ளிகள். அதையும் அவர் அப்போது கவனித்திருக்கிறார், சூரிய ஒளி சரியாகப் படவில்லை என்று விட்டுவிட்டார். தேமல் என்று படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வெள்ளைத் தோலில் தேமல் கண்ணுக்குத் தெரியவருவது பல நேரம் இப்படித்தான். சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்கிறது, திட்டு மட்டும் கறுக்காமல் நிற்கிறது.

நிறம் ஏன் இப்படி மாறுகிறது

இந்த நோயின் இலத்தீன் பெயரிலேயே நிறம் மாறுவது என்ற பொருள் இருக்கிறது. ஒரே பூஞ்சை எப்படி ஓரிடத்தில் வெளுக்கவும் ஓரிடத்தில் கறுக்கவும் வைக்கிறது?

மனிதர்களுக்கு இடையே நிறத்தை உண்டாக்கும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜெர்மானியருக்கும் விழுப்புரத்துக்காரருக்கும் ஒரே அளவு தோல்பரப்பில் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் அவை இருக்கின்றன. வேறுபடுவது அவை உண்டாக்கும் மெலனோசோம் என்ற நிறப்பொதிகள். கருந்தோலில் பொதிகள் பெரியவை, தனித்தனியாகப் பரவி, தோலின் மேலடுக்கு வரை சிதையாமல் போய்ச் சேர்கின்றன. வெளிர்தோலில் சிறியவை, கூட்டமாக ஒடுங்கி, சீக்கிரம் சிதைந்துபோகின்றன.

மலசீசியா கொழுப்பை உடைக்கும்போது உண்டாகும் அசெலாயிக் அமிலம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் தயாரிப்புக்கு வேண்டிய டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது. இதே அமிலத்தை இன்று முகப்பருவுக்கும் கரும்படலத்துக்கும் மருந்தாகவே களிம்பில் எழுதிக் கொடுக்கிறோம். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்த ஈஸ்ட் உண்டாக்கும் வேறு சில பொருள்களுக்கும் நிறமிச் செல்களைப் பாதிக்கும் திறன் உண்டு. வெளிறிய திட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பொதிகள் சிறியவையாகவும், மேலடுக்குச் செல்களுக்குப் போய்ச்சேர்வது குறைந்தும் காணப்படுகின்றன. பழுப்புத் திட்டில் நேர்மாறாகப் பொதிகள் பெருத்திருக்கின்றன, மேல்தோல் செதில் தடித்திருக்கிறது, லேசான அழற்சியும் சேர்ந்துகொள்கிறது.

இழப்பதற்கு நிறைய நிறம் இருக்கிற தோலில் நிறம் குறைவது பளிச்சென்று தெரிகிறது. இழப்பதற்கு அதிகம் இல்லாத தோலில் அழற்சியும் தடிப்பும்தான் கண்ணில் படுகின்றன. இதுவும் கறாரான விதி இல்லை. இதே இளைஞரின் இடுப்பு மடிப்பில், அவரே கவனிக்காத இரண்டு கரும்பழுப்புத் திட்டுகளும் இருந்தன. சுரண்டிப் பார்த்தேன், அதிலும் அதே பூஞ்சைதான்.

அப்படியானால் மக்களுக்கு இடையே வேறுபாடே இல்லையா

இந்தக் கேள்வியில் அவசரப்படக் கூடாது. கணக்கைப் பார்த்தால் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஸ்காண்டிநேவியா போன்ற குளிர்ந்த பகுதிகளில் தேமல் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் நிறைந்த தீவுகளிலும் கடலோரங்களிலும் சில இடங்களில் மக்கள்தொகையில் பாதிப்பேர் வரை எட்டுகிறது. உலக வரைபடத்தில் தேமலுக்கு நிறம் தீட்டினால், மனிதர்களின் தோல் நிறத்தைத் தீட்டிய வரைபடத்தின் மேல் அது கிட்டத்தட்டப் பொருந்தும். தொழிற்சாலை முதலுதவி அறையில் "கறுப்புத் தோலுக்கு வருவது" என்று சொன்னவர் தன் அனுபவத்தில் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த இரண்டு வரைபடங்களுக்கும் அடியில் வெயிலின் வரைபடம் ஒன்று இருக்கிறது. தோல் கறுத்ததும் அந்த வெயிலால், பூஞ்சை செழிப்பதும் அந்த வெயிலால்.

தோலின் குணங்களை அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. 2009இல் வெளிவந்த ஒன்று, கருந்தோலின் மேற்பரப்பு வெளிர்தோலைவிடக் கூடுதல் அமிலத்தன்மை கொண்டது என்றும், ஈரம் வெளியேறாமல் காக்கும் அரண் அங்கே பலமாக இருக்கிறது என்றும் காட்டியது. அதற்கு முன் 2001இல் ஜேம்ஸ் மெக்கின்டாஷ் என்ற ஆய்வாளர், மெலனினும் மெலனோசோம்களும் நுண்ணுயிர்களைத் தடுக்கும் காவலாகவே வெப்பமண்டல மனிதர்களிடம் பெருகியிருக்கலாம் என்று ஒரு கருதுகோளை வைத்தார். அது நிறுவப்பட்ட உண்மை ஆகவில்லை. ஆனாலும் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கருந்தோல் பூஞ்சைக்கு எளிதான இடம் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, எதிர்த்திசையில்தான் கை காட்டுகிறது. இன்னொரு பக்கம், தோலின் கொழுப்பான செராமைடு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவு, ஆசியரிடம் அதிகம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. எண்ணெய்ச் சுரப்பின் அளவில் ஒரு ஆய்வு சொல்வதை மறு ஆய்வு மறுக்கிறது. கைக்கடக்கமான எண்ணிக்கையில் ஆட்களை அளந்து, ஒரு கண்டத்து மக்கள் முழுவதற்கும் பொதுவாகப் பேசுவது எனக்கு எப்போதும் நெருடல்தான். இந்தியாவுக்குள்ளேயே, ஒரே ஊருக்குள்ளேயே, ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள்ளேயே நிறமும் எண்ணெய்ப்பசையும் எவ்வளவு மாறுகின்றன என்று நாம் தினமும் பார்க்கிறோம்.

இடம்பெயர்ந்தவர்களைப் பார்ப்பதுதான் இந்த முடிச்சை அவிழ்க்க வழி. ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வியர்வைச் சுரப்பிகளை எண்ணினார். பிலிப்பைன்ஸ் மக்களுக்குச் செயல்படும் சுரப்பிகள் அதிகம், ஜப்பானியருக்குக் குறைவு, வடக்கே குளிரில் வாழும் ஐனு மக்களுக்கு இன்னும் குறைவு. இத்தோடு நிறுத்தியிருந்தால் இது இனத்தின் குணம் என்று முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. வெப்ப நாடுகளில் பிறந்து வளர்ந்த ஜப்பானியர்களையும் எண்ணினார். அவர்களுக்கு அந்த நாட்டு மக்களைப் போலவே சுரப்பிகள் அதிகம் இருந்தன. பெரியவர்களான பின் அங்கே குடியேறியவர்களுக்குக் கூடவில்லை. பிறந்து முதல் இரண்டு மூன்று வருடங்களில் குழந்தையின் உடல் சந்தித்த வெப்பமே எத்தனை சுரப்பிகள் விழிக்கும் என்பதை முடிவு செய்தது. வம்சத்தில் வந்தது என்று நாம் நினைத்த ஒன்று, தொட்டில் கிடந்த ஊரிலிருந்து வந்தது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும், ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன்.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்ந்து தேமல் வருவதைப் பார்க்கிறோம். சீனாவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது இருந்தது. வேறொரு ஈஸ்டான கேன்டிடாவில் இது இன்னும் தெளிவு. 2009இல், ஈரானியக் குடும்பம் ஒன்றில் கார்டு-9 என்ற மரபணுப் பழுதும், டச்சுக் குடும்பம் ஒன்றில் டெக்டின்-1 என்ற பூஞ்சை உணரியின் பழுதும் திரும்பத் திரும்ப வந்த பூஞ்சைத் தொற்றுக்குக் காரணம் என்று கண்டார்கள். கவனியுங்கள், இவை குடும்பத்தில் ஓடும் பழுதுகள். இரண்டுக்கும் தோலின் நிறத்தோடு ஒரு தொடர்பும் இல்லை.

நம் மொழி இதில் தெளிவாகவே இருந்திருக்கிறது. நாற்று நடும் பெண்களின் கால்விரல் இடுக்கில் தோல் ஊறி வெந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து வரும் புண்ணுக்குச் சேற்றுப்புண் என்று பெயர் வைத்தோம். காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சேற்றில் நிற்கிறவர்களுக்கு அது வருகிறது. அவர்கள் பெரும்பாலும் கறுப்பாக இருந்தார்கள் என்பதற்காக யாரும் அதைக் கறுப்புப் புண் என்று சொல்லவில்லை.

சிகிச்சையும் நான் செய்த தவறும்

இளைஞருக்கு ஸ்டீராய்டு களிம்பை அன்றே நிறுத்தினேன். உடம்பில் பரவியிருந்ததாலும் கல்லீரல் சோதனை சரியாக இருந்ததாலும் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து மாத்திரை தினமும் 200 மில்லிகிராம் ஏழு நாள். கூடவே பூஞ்சையைக் கொல்லும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவைக் கழுத்திலிருந்து தொடை வரை நுரையாகப் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவச் சொன்னேன். படர்தாமரைக்கு நன்றாக வேலை செய்யும் டெர்பினாஃபின் மாத்திரை தேமலுக்குப் பயன்படாது, அதையும் மருந்துக் கடையில் கொடுத்துவிடுவார்கள் என்பதால் சீட்டிலேயே எழுதினேன். எண்ணெய்க் குளியலை விட வேண்டாம், தண்ணீர் வரும் நேரத்தில் தேய்த்து முழுவதும் கழுவிவிடுங்கள் என்றேன். பொறியாளருக்கு ஷாம்பூ மட்டும், களிம்பை மாற்றிப் பசையில்லாத ஒன்று.

சான்றிதழும் எழுதினேன். இது தேமல், தொழுநோய் அல்ல, எவரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தடை இல்லை என்று தமிழிலேயே, பெரிய எழுத்தில்.

நான்கு வாரத்தில் இருவருக்கும் சுரண்டல் மாதிரியில் பூஞ்சை இல்லை. செதிலும் இல்லை. பொறியாளரின் பழுப்பு மங்கத் தொடங்கியிருந்தது, எட்டாவது வாரத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இளைஞரின் திட்டுகளோ வெளுத்தபடியே நின்றன.

இங்கே தவறு என்னுடையது. முதல் நாள் "நான்கு வாரத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். பூஞ்சை போவதும் நிறம் திரும்புவதும் வேறு வேறு என்று விளக்கவில்லை. கருந்தோலில் நிறம் திரும்ப மூன்று நான்கு மாதம் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். ஐந்தாவது வாரத்தில் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து, வேறொரு இடத்தில் காட்டி, அதே இட்ராகோனசோலை இன்னொரு சுற்று விழுங்கியிருக்கிறார். உடம்பில் பூஞ்சையே இல்லாத ஒருவர் பூஞ்சை மருந்து சாப்பிட்டிருக்கிறார். அதோடு, சாப்பிடும் இடத்தில் பழைய பேச்சு மறுபடி கிளம்பியது. சான்றிதழ் சட்டைப்பையில் இருந்தது, திட்டு கழுத்தில் இருந்தது, பார்க்கிறவர்கள் கழுத்தைத்தான் பார்த்தார்கள்.

தோல் நிறத்தின் உண்மையான விளைவு என்று இந்த இரண்டு பேரிடமும் நான் கண்டது இதைத்தான். ஈஸ்ட் பிடிப்பதில் இருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிடித்தபின் நடந்ததில் தெரிந்தது. ஒருவருக்கு அது முதுகில் ஒரு கறை, எட்டு வாரத்தில் மறந்துபோனார். இன்னொருவருக்குத் தொழுநோய்ப் பயம், தவறான டியூப், தேவையில்லாத மாத்திரை, மரத்தடிச் சாப்பாடு. நான் படித்த பாடநூல்களில் தேமலின் படங்கள் பெரும்பாலும் வெள்ளை முதுகில் பழுப்புத் திட்டாகவே இருந்தன. நம் மாணவர்களின் நோயாளிகள் அப்படி இருக்க மாட்டார்கள். இப்போது வகுப்பில் இந்த இரண்டு முதுகுகளின் படத்தையும் அருகருகே காட்டுகிறேன், அதற்கும் இருவரும் சம்மதம் தந்தார்கள்.

அதன் பிறகு

இரண்டு பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் தொடர்ந்து பார்த்ததைப் பதிந்துவைக்கிறேன். பொறியாளர் நவம்பரில் ஊர் திரும்பினார். அடுத்த கோடை வரை மருந்தே இல்லாமல் தேமல் திரும்பவில்லை என்று எழுதினார். இளைஞருக்கு டிசம்பர் வாக்கில் நிறம் முழுவதும் திரும்பியது, மே மாதம் மறுபடி தேமல் வந்தது. இது அவருடைய தோலின் பலவீனம் இல்லை. தடுப்பு இல்லாவிட்டால் பாதிப்பேருக்கும் மேல் ஒரே வருடத்தில் திரும்புகிற நோய் இது. அவர் அதே கொட்டகையில், அதே சட்டையில், அதே அறையில் இருந்தார்.

இந்த முறை அம்மா வரவில்லை. அறை நண்பர்கள் இரண்டு பேரோடு வந்தார். மூவருக்கும் பார்த்தேன், மூவருக்கும் இருந்தது. ஒருவர் ஒடிசாவைச் சேர்ந்தவர், ஒருவர் தஞ்சாவூர்க்காரர், நல்ல சிவப்பு. அவருக்குத் திட்டுகள் இளம்பழுப்பாக இருந்தன. அது தேமல் என்றே அவருக்குத் தெரியவில்லை, வெயில் கறுப்பு என்று நினைத்திருந்தார். அறையில் இனி மாதம் ஒரு ஞாயிறு ஆறு பேரும் அந்த ஷாம்பூவைப் போடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் கூடுதலாகத் தண்ணீர் திறந்துவிட வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டாராம். கிளம்பும்போது இளைஞர் கேட்டார்: "நிறம் இந்தத் தடவையும் நான்கு மாதம் ஆகும், இல்லையா டாக்டரம்மா?" ஆகும் தம்பி என்றேன். மற்ற இருவருக்கும் அவரே அதை விளக்கிக்கொண்டே வெளியே போனார்.